இரண்டு வேலைகளுக்கு நடுவே கிழக்குக்கரை: சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பும் தம்பதிகளுக்கு

பழைய வேலைக்கு ராஜினாமா கொடுத்தாச்சு, புது வேலை அடுத்த மாதம்தான் தொடங்குகிறது, நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் சும்மா கிடக்கிறது. இப்படி ஓர் இடைவெளி வாய்த்தால் அதை வீட்டு வெள்ளையடிப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஓர் இடத்தில் இரண்டு ஆண்டு நிறைவதற்கு முன் ஆண்டு விடுப்பு குறைந்தபட்சம் 8 நாள்தான். அதையும் முதல் சில மாதங்களில் சேர்ந்தாற்போல் கேட்டால் மேலாளர் முகம் மாறும். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் இவ்வளவு நாள் கிளம்புவது அப்புறம் எப்போது நடக்குமோ.

பெரியம்மாவிடம் சொன்னால் "வேலைய விட்டுட்டு ஊர் சுத்தப் போறீங்களா?" என்றுதான் கேட்பார். "புது வேலைக் கடிதம் கையில இருக்கு பெரியம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள். ஆனால் அந்தக் கடிதம் உண்மையிலேயே கையில் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் முதல் படி அதுதான்.

ஏன் கிழக்குக்கரை? பேராக்கின் லூமுட், தெலுக் பாத்தேக், பங்கோர் கடற்கரைகள் எல்லாம் நமக்கு ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம். காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் இரவு வீடு வந்து சேரலாம். மேற்குக் கரையோரம் பெரும்பகுதி சேறும் சதுப்புக்காடுமாக இருக்கும், சாலையிலிருந்து கடல் அதிகம் தெரியாது. கிளந்தானில் தொடங்கி திரங்கானு வழியாகப் பகாங் வரை இறங்கும் கரையில்தான் கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மணிக்கணக்காக ஓட்டலாம். அதற்கு நாள் வேண்டும், இப்போது உங்களிடம் இருக்கிறது.

முதலில் கடிதம், அப்புறம் சம்பளக் கணக்கு

புது முதலாளி கையெழுத்திட்ட வேலைக் கடிதம், அதில் வேலை தொடங்கும் தேதி, இரண்டும் வரும்வரை எந்த அறையையும் பதிவு செய்ய வேண்டாம். "வாய்மொழியா சொல்லிட்டாங்க" என்பது கடிதம் ஆகாது. ராஜினாமா முன்னறிவிப்பு எவ்வளவு என்று உங்கள் ஒப்பந்தத்தில் பாருங்கள். ஒப்பந்தம் எதுவும் சொல்லவில்லையென்றால் வேலைச் சட்டம் சொல்வது இது: இரண்டு ஆண்டுக்குக் குறைவாக இருந்தவருக்கு 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், ஐந்தும் அதற்கு மேலும் 8 வாரம்.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. வேலை இல்லாத நாள் வேறு, சம்பளம் வராத நாள் வேறு. 15ஆம் தேதி பழைய வேலை முடிகிறது, அடுத்த மாதம் 1ஆம் தேதி புது வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை இடைவெளி இரண்டு வாரம்தான். ஆனால் புது இடத்தின் முதல் சம்பளம் அந்த மாதக் கடைசியில்தான் வரும். சட்டப்படி அடுத்த மாதம் 7ஆம் தேதிவரைகூடப் போகலாம். ஆக, பாதி மாதச் சம்பளத்தை வைத்துக்கொண்டு ஆறேழு வாரம் ஓட்ட வேண்டும். அந்த ஆறேழு வாரத்தில் வீட்டுக் கடன், கார் தவணை, பிடிபிடிஎன் கல்விக் கடன், கூட்டுப் பணம், தண்ணீர், மின்சாரம் எதுவும் உங்களுக்காக நிற்காது. இவற்றை எல்லாம் எழுதி, தொகையைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சம் இருப்பதுதான் பயணப் பணம். மிச்சம் குறைவாக இருந்தால் நாளைக் குறையுங்கள், கடன் அட்டையைத் தொட வேண்டாம்.

ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதத்திலிருந்து மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. ஆக்காவுன் ஃபிளெக்சிபல் என்பார்கள். மாதச் சந்தாவில் பத்து விழுக்காடு அதில் விழுகிறது, 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை. கார் வழியில் நின்றுபோனால் அதற்கு என்று விட்டு வையுங்கள்.

இன்னொரு சந்தேகம் அடிக்கடி வரும்: சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் பணம் கிடைக்குமா? தானாக வேலையை விட்டவருக்குக் கிடைக்காது. ஆட்குறைப்பு மாதிரி தன் விருப்பம் இல்லாமல் வேலை இழந்தவருக்குத்தான் அது, அவரும் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கணவனோ மனைவியோ ஆட்குறைப்பில் வந்தவர் என்றால் அந்த விண்ணப்பத்தை முடித்துவிட்டுத்தான் பயணம்.

நிறுவனம் தந்த மருத்துவ அட்டை பொதுவாகக் கடைசி வேலை நாளோடு செத்துப்போகும். சொந்தக் காப்புறுதி இல்லாதவர்கள் இருவரில் யாருடைய அட்டை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதுவும் இல்லையென்றாலும் பயப்பட ஒன்றுமில்லை, கோத்தா பாரு, கோலத் திரங்கானு, குவாந்தான் மூன்றிலும் பெரிய அரசாங்க மருத்துவமனை உண்டு.

தேதியை மழை முடிவு செய்யும்

வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச்வரை. அதிலும் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரிவரை கிளந்தான், திரங்கானு பக்கம் வெள்ளம் வந்தால் சாலையே மூழ்கும். தீவுகளுக்குப் படகு ஓடாது, தீவு விடுதிகள் பலவும் மூடியிருக்கும். உங்கள் இடைவெளி டிசம்பரில் விழுந்தால் கிழக்குக்கரையை மறந்துவிட்டு வேறு திசை பாருங்கள். பிடிவாதம் வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை நல்ல காலம்.

நோன்பு மாதத்தில் போனால் பகலில் அங்கே பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்காது. மாலை ஐந்து மணிக்கு ரமலான் பசாரில் இறங்கினால் விருந்துதான், ஆனால் மத்தியானத்துக்குக் கையில் சோறு வேண்டும். நோன்புப் பெருநாள் வாரத்தில் கடைகளும் மூடும், சாலையும் நெரியும். பள்ளி விடுமுறையில் அறை விலை ஏறும்.

கிளந்தானிலும் திரங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி மத்தியானம் தொழுகை நேரத்தில் கடைத்தெரு ஓய்ந்துவிடும். அதனால் ஞாயிறு காலை கிளம்புவது நல்லது. அங்கே வேலை நாள் தொடங்கிவிட்டிருக்கும், கடற்கரையில் கூட்டம் இருக்காது, அறையும் மலிவு.

வண்டி

எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு, சரி. டயரின் காற்றைப் பார்த்தீர்களா? இந்தப் பயணத்தில் மலை ஏற்ற இறக்கம் உண்டு, பிரேக் பட்டையைக் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பேர் டயர், ஜாக்கி, டார்ச் லைட். சாலை வரியும் காப்புறுதியும் பயணத்தின் நடுவில் காலாவதி ஆகாமல் பாருங்கள். சாலை வரி இப்போது மைஜேபிஜே செயலியிலேயே தெரியும்.

சுங்கை சிப்புட்டில் தொடங்கிக் கோத்தா பாரு, கோலத் திரங்கானு, குவாந்தான், கோலாலம்பூர் வழியாக வீடு திரும்பினால் சுமார் 1,200 கிலோமீட்டர் வரும். உள்ளே அங்கங்கே சுற்றுவதையும் சேர்த்து 1,500 என்று வையுங்கள். மைவி மாதிரி வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 100 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் தொடங்கியபோது மலேசியர்களுக்கு ஒரு லிட்டர் 1.99 வெள்ளி. மானிய விலைக்கு மைகாட் அடையாள அட்டை வேண்டும், அதனால் இருவருமே அதைக் கையோடு வைத்திருங்கள்.

பையில் ஒரு சமையலறை

நம் ஆள்களுக்குக் கிழக்குக்கரையில் உண்மையான சிரமம் சாப்பாடுதான். ருசி குறைவு என்று சொல்லவில்லை, அங்கே சாப்பாடு அருமை. ஆனால் தோட்டப் புறத்தில் திரும்பிய பக்கமெல்லாம் வாழை இலைக் கடை பார்த்துப் பழகியவர்களுக்கு, வழியில் வரும் கிரிக் ஊர் தாண்டினதும் அது அருகிப் போவது தெரியும். தமிழர்கள் அங்கே குறைவு. குவாந்தான் வந்தால்தான் மறுபடி சாம்பார் வாசனை சுலபமாகக் கிடைக்கும்.

மீன் சாப்பிடுபவர்களுக்குக் கொண்டாட்டம். நாசி டாகாங் ஒரு முறை சாப்பிட்டுப் பாருங்கள். சோற்றைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, உள்ளே வெந்தயம் போட்டிருப்பார்கள், மேலே சூரை மீன் குழம்பு, பக்கத்தில் வெள்ளரிக்காய் ஊறுகாய். வெந்தயம் பல்லில் கடிபடும்போது நம் வீட்டு மீன் குழம்பு ஞாபகம் வரும். நாசி கெராபு என்பது நீலச் சோறு, அந்த நீலம் சங்குப்பூவில் எடுப்பது. இரண்டுமே காலைச் சாப்பாடு, பத்து மணிக்கு மேல் போனால் நல்ல கடையில் சட்டி காலி.

வீட்டில் ஒருவர் சைவமா, அல்லது செவ்வாய், வெள்ளி விரதமா? கெராபுவில் புடு என்ற புளித்த நெத்திலிச் சாறு ஊற்றுவார்கள். கீரைப் பிரட்டலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், சம்பலில் நெத்திலி இருக்கும். "சாயுர்" என்று கேட்டால் காய்கறி வரும், ஆனால் அது சைவம் என்று அர்த்தமில்லை. "தாக் மாவ் ஈக்கான் பிலிஸ், தாக் மாவ் பெலாச்சான், தாக் மாவ் புடு" என்று, நெத்திலி, பெலாச்சான், புடு மூன்றும் வேண்டாம் எனத் தனித்தனியாகச் சொல்லுங்கள். ரொட்டி சானாய்க்கு "குவா டால் சாஜா", அதாவது பருப்புக் குழம்பு மட்டும் என்று கேளுங்கள், இல்லாவிட்டால் மீன் குழம்பையும் சேர்த்து ஊற்றிவிடுவார்கள். பெரிய ஊர்களில் சீனர்களின் சைவக் கடைகளையும் தேடலாம்.

எங்கள் வழி வேறு. சின்ன ரைஸ் குக்கர், இரண்டு கிலோ அரிசி, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், வீட்டிலேயே வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் ஒரு பாட்டில், ஒரு நெய் டப்பா. ஹோட்டல் அறைக்குப் பதிலாகச் சமையலறை உள்ள ஹோம்ஸ்டே எடுத்தால் இரவுச் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். காலையில் கடை, இரவில் வீட்டுச் சோறு என்று வைத்துக்கொண்டால் வயிறும் கெடாது.

மலையைத் தாண்டுவது

சுங்கை சிப்புட்டிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். கோலகங்சார் வழியாக லெங்கோங், கிரிக். லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். சுமார் பத்தாயிரம் ஆண்டுப் பழமையான பேராக் மனிதனின் எலும்புக்கூடு 1991இல் அங்கேதான் கிடைத்தது. பிடித்தால் இறங்கிப் பாருங்கள், ஆனால் மலையை வெளிச்சத்தில் தாண்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கிரிக்கில் மூன்று வேலை: பெட்ரோல் முழுக்க நிரப்பு, சாப்பிடு, கழிவறை போ. அங்கிருந்து ஜெலிவரை ஏறக்குறைய 120 கிலோமீட்டர் காடு. 1982இல் திறந்த கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை இது. தெமெங்கோர் ஏரியின் மேல் பாலம் கடக்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீரில் காட்டின் நிழல் விழுந்திருக்கும், பாண்டிங் தீவில் நிறுத்திப் பார்க்கலாம். கைப்பேசித் தொடர்பு அங்கங்கே அறுந்துபோகும், அதனால் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

இங்கே யானை கடக்கும். அறிவிப்புப் பலகை சும்மா அழகுக்கு வைத்ததில்லை. 2025 மே மாதம் அன்னையர் தினத்தன்று லாரி மோதி ஒரு யானைக் கன்று இறந்தது இந்தச் சாலையில்தான். தாய் யானை அந்த லாரியை விட்டு நகராமல் நின்ற காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதமே பல்கலைக்கழக மாணவர்கள் வந்த பேருந்து கவிழ்ந்து 15 பேர் போனார்கள், அது நள்ளிரவு கழிந்த நேரம். ஆகவே இருட்டில் இந்தச் சாலை வேண்டாம். மாலை நான்குக்கு மேல் கிரிக் வந்து சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடுங்கள். யானை கண்ணில் பட்டால் வண்டியை தூரத்தில் நிறுத்துங்கள், ஹார்ன் அடிக்காதீர்கள், படம் எடுக்க இறங்காதீர்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே போகாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். ஆட்டோ கியர் வண்டி என்றால் கீழ் கியர் எழுத்து எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்து வையுங்கள்.

ஜெலி தாண்டினால் சமவெளி. மாலைக்குள் கோத்தா பாரு. மறுநாள் காலை சித்தி கதீஜா சந்தை: விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மேல் மாடியில் நின்று கீழே காய்கறிக் கடைகளைப் பார்த்தால் கோலம் போட்டமாதிரி இருக்கும்.

கரையோரம் இறங்குவது

இங்கேதான் வழிகாட்டிச் செயலியோடு சண்டை தொடங்கும். கோத்தா பாருவிலிருந்து கோலத் திரங்கானுவுக்கு அது உங்களை ஃபெடரல் சாலை 3 வழியாக ஜெர்த்தே, பண்டார் பெர்மைசூரி என்று உள்ளே தள்ளும். கடல் தெரியாது. நீங்கள் கோல பெசுட் பக்கம் ஒதுங்கி, பெனாரிக், மெராங் என்று கரையைப் பிடியுங்கள். ஒரு பக்கம் செத்தியு காயல், மறுபக்கம் தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் கடல். பெனாரிக்கில் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள், பார்க்க வேண்டிய இடம் என்று அங்கே எதுவும் இல்லை, அதுதான் அதன் அழகு.

மெராங்கும் மாராங்கும் வேறு வேறு. மெராங் கோலத் திரங்கானுவுக்கு வடக்கே, ரெடாங் தீவுக்குப் படகு அங்கிருந்து. மாராங் தெற்கே, காப்பாஸ் தீவுக்குப் படகு அங்கிருந்து. செயலியில் ஓர் எழுத்து மாறினால் படகு போய்விடும். ரெடாங்கும் பெர்ஹெந்தியானும் அழகுதான், ஆனால் தங்கினால்தான் போன செலவுக்குப் பலன், அதனால் பணம் அதிகம் கேட்கும். சம்பளம் வராத மாதத்தில் காப்பாஸ் போதும் என்பது என் கருத்து. மாராங்கிலிருந்து கால் மணி நேரப் படகு, காலையில் போய் மாலையில் திரும்பலாம். கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு கரையோரமே மிதந்தால் பவளமும் மீனும் தெரியும்.

கோலத் திரங்கானுவிலிருந்து குவாந்தான்வரை சுமார் 200 கிலோமீட்டர். செயலி உடனே விரைவுச் சாலையைக் காட்டும். "டோல் தவிர்" என்று மாற்றுங்கள். அந்த விரைவுச் சாலை கடலை விட்டு உள்ளே தள்ளி ஓடுகிறது, பெரும்பாலும் எண்ணெய்ப்பனைதான். எண்ணெய்ப்பனை பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? ஃபெடரல் சாலை 3ஐப் பிடித்தால் மாராங், டுங்குன், பாக்கா, கெர்த்தே, கெமாசிக், கிஜால், சுக்காய் என்று வரும், பல இடங்களில் கடல் சாலையிலிருந்தே தெரியும். ரந்தாவ் அபாங் கடற்கரையில் 1950களில் தோணி ஆமைகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் அளவில் கூடுகள் வைத்தன. இன்றைக்கு அந்த ஆமைகள் வருவதே அரிது. ஆமை முட்டை விற்பதையும் தின்பதையும் திரங்கானு 2022இல் முழுக்கத் தடை செய்தது, யாராவது இரகசியமாகக் கொண்டுவந்து நீட்டினால் நகர்ந்துவிடுங்கள். கெர்த்தேயில் பெட்ரோனாஸ் ஆலைகளின் தீச்சுடர், கொஞ்சம் தள்ளினால் கெமாசிக்கில் கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் பாறை. இரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது விசித்திரம்தான்.

இந்தச் சாலையில் மாடு. ஆம், யானைக்கு அடுத்து மாடு. இருட்டினதும் சூடான தாரில் வந்து படுத்துக்கொள்ளும், கறுப்பு மாடு என்றால் விளக்கு வெளிச்சத்திலும் கடைசி நிமிடத்தில்தான் தெரியும். ஏழு மணிக்குள் அறைக்குப் போய்விடுங்கள். பகலிலும் ஃபெடரல் சாலையில் வேக வரம்பு பொதுவாக 90, ஊருக்குள் அதைவிடக் குறைவு.

குளிப்பதற்கு முன் கொடியைப் பாருங்கள். சிவப்பு என்றால் கால் நனைப்பதோடு சரி, கிழக்குக்கரை நீரோட்டம் நீச்சல்காரரையும் இழுக்கும். பொதுக் கடற்கரைகளில் டி-ஷர்ட்டும் முழங்கால் மறைக்கும் கால்சட்டையும் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

செராத்திங் வந்தால் பகாங். ஆற்றில் மின்மினிப் படகு, மாலையில் மலிவான மரக் குடில். இரண்டு இரவு தங்க உகந்த ஊர் என்றால் இந்தக் கரையில் இதுதான்.

இரண்டு பேர், ஒரு ஸ்டியரிங்

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட்டுநரை மாற்றுங்கள். ஓட்டுகிறவர் கையில் கைப்பேசி கூடாது, வழி சொல்வது பக்கத்தில் இருப்பவர் வேலை. "என்னங்க, அந்தத் திருப்பம்தான்" என்று திருப்பம் போன பிறகு சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், அதற்காகச் சண்டை வேண்டாம், அடுத்த வளைவில் திரும்பிக்கொள்ளலாம். பயணப் பணத்தை ஒருவர் மட்டும் வைத்திருங்கள், தினமும் இரவில் மிச்சத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். பழைய அலுவலக வாட்சப் குழுவிலிருந்து கடைசி வேலை நாளன்றே விலகிவிடுங்கள், இல்லாவிட்டால் பெனாரிக்கில் உட்கார்ந்துகொண்டு யாரோ ஒருவருக்குக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். புது முதலாளியின் மின்னஞ்சலை மட்டும் தினமும் ஒரு முறை பாருங்கள், மருத்துவப் பரிசோதனைக்கோ பத்திரத்துக்கோ கூப்பிடலாம்.

திரும்புவது

குவாந்தானிலிருந்து கிழக்குக்கரை விரைவுச் சாலையில் காராக், அங்கிருந்து கோலாலம்பூர், அப்புறம் வடக்கு நோக்கி ஈப்போ. டச் அண்ட் கோ அட்டையில் முன்பே பணம் ஏற்றுங்கள். மெந்தகாப், காராக் பக்கம் இறங்கினால் வாழை இலைச் சாப்பாடு தேடலாம், ஒரு வாரம் மீன் தின்ற நாக்குக்கு ரசம் தேவைப்படும். குவாந்தானில் காலை கிளம்பினால் இரவுக்குள் வீடு, ஆனால் கோலாலம்பூரை மாலை ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவே தொடாதீர்கள்.

புது வேலைக்கு இரண்டு நாள் முன்னதாக வீடு வந்துவிட வேண்டும். ஒரு நாள் துணி துவைக்க, ஒரு நாள் தூங்க. வழியில் வண்டி நின்றுபோனாலும் அந்த இரண்டு நாள் காப்பாற்றும்.

வாங்கி வருவது பற்றி: கோலத் திரங்கானு லோசோங் பக்கம் கெரோப்போக் லெக்கோர் என்ற மீன் பலகாரத்தைச் சுடச்சுடத் தின்பதற்கு மட்டும் வாங்குங்கள். வீட்டுக்கும் புது அலுவலகத்துக்கும் காய்ந்த கெரோப்போக் எடுத்தால் போதும். ஐஸ் பெட்டி இல்லாமல் ஈரமானதைக் கொண்டுவந்தால் ஈப்போ டோல் சாவடியில் கண்ணாடியை இறக்க யோசிப்பீர்கள்.